புள்ளி வைத்த பிறகு கைப்பேசி வேண்டாம்

மார்கழி மாதத்தில் எங்கள் தெருவில் வாசல் தெளித்ததும் பல வீடுகளில் முதலில் வெளியே வருவது கைப்பேசிதான். அதைப் படிக்கட்டில் சாய்த்து வைத்து, அரை நிமிடக் காணொளி ஒன்றை நிறுத்தி நிறுத்தி ஓட்டி, அதில் வரும் கை எப்படிப் போகிறதோ அப்படியே நம் கையும் போனால் கோலம் முடிந்துவிடும். நானும் சில ஆண்டுகள் இப்படித்தான் போட்டேன். குறை சொல்ல முடியாத அளவுக்கு அழகாகவே வந்தன. ஆனால் தை பிறந்து சில நாட்கள் கழித்து அவற்றில் ஒன்றையாவது நினைவிலிருந்து போட முடியுமா என்றால் முடியாது. புதிதாக ஒன்றைப் போட்டுப் பார்ப்போம் என்ற ஆசைகூட எழுவதில்லை. அதனால் எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு விதித்துக்கொண்டேன்: புள்ளி வைத்த பிறகு கைப்பேசியைத் தொடுவதில்லை.

பார்த்துப் போடுவது தவறு என்று நான் சொல்லவரவில்லை. மார்கழி தோறும் வார இதழ்கள் கோலங்களை அச்சிட்டன. "15 புள்ளி, 8இல் நிறுத்தவும், சந்துப்புள்ளி" என்ற ஒரு வரியை (நடு வரிசையில் 15 புள்ளி, இரு பக்கமும் முந்தைய வரிசையின் இடைவெளிகளில் புள்ளி வைத்து ஒவ்வொன்றாகக் குறைத்து 8 வரை) வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் அவற்றைத் தங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். துளையிட்ட கோலக்குழல்களும் அச்சுத் தட்டுகளும் கைப்பேசிக்கு முன்பே வந்துவிட்டன. (ஒட்டுக் கோலங்களைப் பற்றி நான் வாய் திறக்கப்போவதில்லை, எங்கள் பூஜை அறை வாசலிலேயே ஒன்று இருக்கிறது.) என் அத்தையிடம் ஒரு பழைய கோல நோட்டு உண்டு. அதில் பெரிய கோலங்கள் எதுவும் முழுதாக இருக்காது. கால் பகுதியை மட்டும் வரைந்து, புள்ளிக் கணக்கை ஓரத்தில் எழுதி நிறுத்தியிருப்பார். மீதி முக்கால் பகுதியை அவர் ஒவ்வொரு முறையும் தரையில்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவரைக் கேட்டால், "அதான் தெரியுமே, எதுக்கு எழுதணும்?" என்பார். காணொளி அந்த முக்கால் பகுதியையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது என்பதில்தான் எனக்கு வருத்தம்.

அத்தைக்குத் தெரிந்திருந்தது என்ன என்பதற்கு நல்ல விடை எனக்கு ஒரு கணித ஆய்விலிருந்து கிடைத்தது. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணியுடனும் கமலா கிருத்திவாசனுடனும் சேர்ந்து 1974இல் கோலங்களைப் பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். எல்லையற்ற வடிவங்களைச் சில விதிகளைக் கொண்டு எப்படி உருவாக்கலாம் என்று கணினியியல் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குக் கோலம் ஓர் அருமையான எடுத்துக்காட்டு என்பதை அக்கட்டுரை காட்டியது. அவருடைய கவனிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: கோலம் போடும் பெண்கள் அதை ஒரு படமாக நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை; நேரே போ, வலப்பக்கம் திரும்பு, புள்ளியைச் சுற்றிக்கொண்டு திரும்பி வா என்பது போன்ற நகர்வுகளின் வரிசையாகவே நினைவில் வைத்துச் சொல்கிறார்கள், போடுகிறார்கள் என்று அவர் எழுதினார். படமாக மட்டும் வைத்திருப்பவரால் அதை அப்படியே திருப்பிப் போடத்தான் முடியும். நகர்வுகளாக வைத்திருப்பவர் ஏழாவது இடத்தில் வலப்பக்கத்துக்குப் பதில் இடப்பக்கம் திரும்பிப் பார்க்கலாம். அங்கே புதிய கோலம் ஒன்று தொடங்கிவிடுகிறது. காணொளியும் நகர்வுகளைத்தானே காட்டுகிறது என்று கேட்கலாம். காட்டுகிறதுதான், ஆனால் அடுத்த நகர்வு எப்போதும் கண்முன் தயாராக நிற்பதால், முந்தைய நகர்வை மனத்தில் பிடித்து வைக்க வேண்டிய தேவையே நமக்கு வருவதில்லை.

கட்டுப்பாடு விதித்த பின் நான் மிகச் சிறியதிலிருந்து தொடங்கினேன்: இரண்டு வரிசை, வரிசைக்கு இரண்டு புள்ளி, புள்ளிகளை இணைக்காமல் அவற்றைச் சுற்றிக் கோடு வளைந்து போகும் சிக்குக்கோலம். இதைவிட எளிய கோலம் இல்லை என்று நினைப்போம். எதிரெதிர் மூலைப் புள்ளிகளைச் சுற்றி ஒரு வளையம், மற்ற இரண்டைச் சுற்றி இன்னொரு வளையம். இரண்டும் நான்கு இடங்களில் வெட்டிக்கொள்ளும். அந்த நான்கில் ஒரே ஓர் இடத்தில் கோடுகளை வெட்டவிடாமல், வந்த கோட்டைத் திருப்பி மற்றதன் வழியில் அனுப்பிப் பாருங்கள். இரண்டு வளையங்களும் சேர்ந்து, கையை எடுக்காமல் போடக்கூடிய ஒரே கோடாகிவிடும். அடுத்து இன்னொரு வெட்டில் இதையே செய்தால் அந்தக் கோடு மறுபடி பிரியவும் கூடும். நான்கே புள்ளிகளில் இத்தனை விளையாட்டு இருக்கிறது என்பதை எந்தக் காணொளியும் எனக்குச் சொன்னதில்லை, ஏனென்றால் அவை எல்லாம் முடிந்துபோன கோலங்களையே காட்டுகின்றன.

பிறகு நீள்சதுரப் புள்ளிகளுக்குப் போனேன். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் கோடுகள் வெட்டிச் செல்லுமாறு போட்டால், மூன்று வரிசையில் நான்கு நான்கு புள்ளி வைத்த கோலம் ஒரே கோட்டில் முடிகிறது. நான்கு வரிசையில் ஆறு ஆறு புள்ளி வைத்தால் இரண்டு கோடுகள் வருகின்றன. ஐந்துக்கு ஐந்து என்றால் ஐந்து. வரிசைகளின் எண்ணிக்கைக்கும் வரிசையில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ அத்தனை கோடுகள் என்பது நிறுவப்பட்ட கணக்கு. பள்ளியில் மீ.பொ.வ. படித்தபோது அது எதற்குப் பயன்படும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வாசலில் குந்தி உட்கார்ந்து மொக்குமாவை விரலிடுக்கில் இறக்கிக்கொண்டிருந்தபோது அது புரிந்தது.

இதில் தரைக்கும் பங்கு உண்டு. எங்கள் வாசலில் ஒருபக்கம் சாக்கடை மூடி இருக்கிறது. அதன்மேல் புள்ளி வைத்தால் மாவு நிற்காது. கைப்பேசியைப் பார்த்துப் போட்ட காலத்தில் அந்த மூடி எனக்கு எரிச்சலைத் தந்தது, ஏனென்றால் திரையில் இருக்கும் சதுரம் வாசலில் அடங்காது. இப்போது மூடி இருக்கும் பக்கத்தில் இரண்டு புள்ளிகளைக் குறைத்துவிட்டு, கோட்டை அங்கே எப்படி வளைத்துத் திருப்புவது என்று பார்க்கிறேன். எனக்குப் பிடித்த கோலங்களில் சில அந்த மூடியினால் வந்தவை.

எதிர்வீட்டுப் பெண் ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, "அக்கா, இது எந்தச் சேனல்ல வந்துச்சு?" என்று கேட்டாள். எதிலும் வரவில்லை என்றதும் அவள் நம்பவில்லை. அவள் அம்மா, "ஃபோட்டோ எடுத்து தெரு குரூப்ல போடுங்க" என்றார். போட்டேன். அதே நாளில் இன்னொரு வீட்டிலிருந்து வந்த வண்ண மயிலுக்குக் கிடைத்த பாராட்டில் பாதிகூட அதற்குக் கிடைக்கவில்லை. அதில் வியப்பில்லை. மேலிருந்து எடுக்கும் படத்தில், சின்னத் திரையில், நிறம் நிரப்பிய ரங்கோலி சட்டென்று கண்ணில் படும். சிக்குக்கோலத்தையோ அருகில் நின்று ஒரு கோட்டைக் கண்ணால் பின்தொடர்ந்து போனால்தான் ரசிக்க முடியும். குழுவில் போடுவதற்காகவே கோலம் போடத் தொடங்கினால், எதைப் போடுவது என்பதையும் மெல்ல மெல்லத் திரையே தீர்மானித்துவிடும். எனவே இப்போது படம் எடுப்பதையும் விட்டுவிட்டேன். பிடித்திருந்தால் கால் பகுதியை நோட்டில் வரைந்து புள்ளிக் கணக்கை எழுதி வைக்கிறேன்.

பொங்கலன்று மூன்று வீடுகள் சேர்ந்து தெருவை அடைத்துப் பெரிய கோலம் போடுவது வழக்கம். ஆளுக்கொரு பக்கம் உட்கார்வதால் எல்லார் கையிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதற்கு மட்டும் கைப்பேசியில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடலாம் என்று மற்ற இருவரும் சொன்னார்கள். காகிதத்தில் நாமே போட்டு மூன்று படி எடுத்துக்கொள்ளலாம் என்று நான் பிடிவாதமாக இருந்து ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன். நான்கு பக்கமும் ஒத்திருக்க வேண்டும், கோடும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இரண்டுக்கும் ஆசைப்படுகிறோம். ஒரு மூலையில் ஒரு வெட்டை மாற்றினால் மற்ற மூன்று மூலைகளிலும் மாற்ற வேண்டியிருக்கிறது, மாற்றியதும் கோடு மறுபடி பிரிந்துவிடுகிறது. எதிர்வீட்டுப் பெண் நடுவில் இருக்கும் வெட்டை மாற்றிப் பார்க்கச் சொல்கிறாள். நாளை இரவு அதைத்தான் போட்டுப் பார்க்கப்போகிறோம்.