கை காட்டினால் நிற்கும் ரயில்

அலாஸ்கா என்றதும் எல்லோரும் சொகுசுக் கப்பலைத்தான் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் ரயில்தான். 'டெனாலி ஸ்டார்' காலையில் ஆங்கரேஜில் கிளம்பி இரவு எட்டு மணிவாக்கில் ஃபேர்பேங்க்ஸ் சேரும். சுமார் 570 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு மணி நேரமா என்று கேட்காதீர்கள், வேகமாகப் போய் எதைப் பார்ப்பது? ஜூனில் அந்த எட்டு மணிக்கும் நல்ல வெயில் இருக்கும்!

வடக்கே போகும்போது இடப்பக்க இருக்கை கேளுங்கள். 6,190 மீட்டர் உயர டெனாலி சிகரம் அந்தப் பக்கம்தான். கோடையில் பெரும்பாலும் மேகத்துக்குள் ஒளிந்திருக்கும். காசு கொடுத்தாலும் தரிசனம் உறுதியில்லாத சாமி அது.

அப்புறம் ஹரிக்கேன் கல்ச் பாலம். 1921இல் கட்டியது. கீழே ஓடை ஏறக்குறைய 90 மீட்டர் ஆழத்தில். எட்டிப் பார்க்கிறவர்கள் கம்பியைப் பிடித்துக்கொள்ளவும். இந்தப் பாதை முடிந்ததற்கு 1923 ஜூலையில் அமெரிக்க அதிபர் ஹார்டிங் வழியிலுள்ள நெனானா ஊருக்கே வந்து தங்க ஆணி அடித்தார். பாவம், அடுத்த மாதமே இறந்துபோனார்.

என் மனம் கவர்ந்தது இன்னொரு வண்டி, 'ஹரிக்கேன் டர்ன்'. டால்கீட்னா ஊருக்கு வடக்கே சாலையே இல்லாத காட்டில் குடில் போட்டு வாழ்பவர்களுக்கானது. தண்டவாளத்தோரம் நின்று துணியை ஆட்டினால் போதும், நிறுத்தி ஏற்றிக்கொள்வார்கள். மளிகைச் சாமான், நாய், மீன்பிடித் தூண்டில் எல்லாம் கூடவே ஏறும். நம்மூர் மினி பஸ்ஸில்கூட இந்த மரியாதை கிடைக்காது.

டெனாலி ஸ்டார் மே நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரைதான். செப்டம்பர் தொடக்கத்தில் போனால் பிர்ச் மரங்கள் மஞ்சளாகியிருக்கும், கொசுவும் குறைவு.