லேத்தில் டிஆர்ஓ: கிராஸ் ஸ்லைடில்தான் கவனம் வேண்டும்

ஆறடி லேத்துக்கு டிஆர்ஓ (ஸ்லைடு நகர்வதை எண்ணில் காட்டும் டிஸ்ப்ளே) பூட்டும்போது பெட் நீளத்துக்கான ஸ்கேலில் பெரிய சிக்கல் இல்லை. ஸ்கேல் என்பது அளவுப் பட்டை, அதன் மேல் ஓடி அளவைப் படிப்பது ஹெட். பின்பக்கம் இடம் தாராளம், 5 மைக்ரான் ஸ்கேலே போதும். டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு அப்படியல்ல.

அதற்கு 1 மைக்ரான் ஸ்கேலே வாங்குங்கள். டிஸ்ப்ளே டயா (விட்டம்) கணக்கில் இருக்கும்போது நகர்வை இரட்டிப்பாகக் காட்டும். 5 மைக்ரான் ஸ்கேல் போட்டால் டயா 0.01 மி.மீ. தாவித்தாவித்தான் மாறும், பேரிங் உட்காரும் இடத்தைக் கடைய அது பற்றாது.

ஜாபைப் பிடிக்கும் சக் பக்கம் பூட்டினால் இரும்புச் சுருளும் கூலண்டும் நேராக ஸ்கேல் மேல் விழும். எதிர்முனையில் இருக்கும் டெயில்ஸ்டாக் பக்கமே நல்லது. ஸ்கேலின் தடிமன் அளவுக்கு டெயில்ஸ்டாக் கிட்டே வராது என்பதால் ஒல்லியான ஸ்கேல் பாருங்கள். கிப் ஸ்க்ரூவும் (ஸ்லைடின் ஆட்டத்தை இறுக்குவது) லாக் போல்ட்டும் ஸ்கேலுக்குப் பின்னால் மறைகிறதா என்று துளை போடும் முன்பே பார்த்துவிடுங்கள். மறைந்தால் ஒவ்வொரு தடவை கிப் டைட் செய்யவும் ஸ்கேலைக் கழற்ற வேண்டும். ஸ்லைடை இரண்டு கோடிக்கும் ஓட்டிப் பார்த்து, இருபுறமும் 10 மி.மீ. மிச்சம் வையுங்கள். ஹெட் போய் முட்டினால் கண்ணாடி ஸ்கேல் உடைந்துவிடும்.

ஸ்கேலை ஸ்லைடிலும் ஹெட்டை, ஸ்லைடைத் தாங்கும் சேடிலிலும் பூட்டுவது வழக்கம். எம்5 டேப்புக்கு 4.2 டிரில். பெயின்ட் அடித்த வார்ப்பு முகம் சமமாக இருக்காது, பின்னால் ஷிம் (மெல்லிய தகடு) கொடுத்தே ஆகவேண்டும். சேடிலில் டயல் கேஜ் வைத்து, ஸ்கேலின் மேல்முகம், பக்கமுகம் இரண்டையும் 0.1 மி.மீ.க்குள் கொண்டுவாருங்கள். இதில் அளவை விட ஹெட்டின் ஆயுள்தான் முக்கியம்: 300 மி.மீ. நீளத்தில் 1 மி.மீ. கோணலாக இருந்தாலும் அளவில் 2 மைக்ரான் கூடப் பிழை வராது. ஆனால் ஹெட் இறுகி, தேய்ந்து, சீக்கிரம் போய்விடும்.

ஹெட் பிராக்கெட்டைத் தகட்டில் வளைக்காதீர்கள், 10 மி.மீ. அலுமினியப் பட்டை போடுங்கள். பூட்டியதும் டயல் முள்ளை ஸ்லைடில் தொடவைத்து 5 மி.மீ. உள்ளே ஓட்டி, திரும்ப வெளியே கொண்டுவாருங்கள். திசை மாறும் இடத்தில் மட்டும் டயல் நகர்ந்து டிஸ்ப்ளே பின்தங்கினால், பிராக்கெட் வளைகிறது என்று அர்த்தம்.

திருகின் பேக்லாஷ் (திசை மாறும்போது வரும் வெற்று ஆட்டம்) இனி அளவில் வராது, ஆனால் திருகில் அது அப்படியே இருக்கும். ஆகவே நீளக் கட்டிங்கில் ஸ்லைடை லாக் செய்யுங்கள். கிராஸ் ஸ்லைடு மேல் இருக்கும் சின்ன ஸ்லைடான காம்பவுண்டை நகர்த்தினால் டிஸ்ப்ளேக்குத் தெரியாது. நகர்த்திவிட்டால் ஒரு கட் எடுத்து, மைக்ரோமீட்டரில் அளந்து, அந்த டயாவை மறுபடி பதியுங்கள்.