ஈறை அச்சடிக்க முடியுமா? கால் மில்லிமீட்டரில் நிற்கும் சிக்கல்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பெரியவர்கள் பலருக்குப் பல்லில் சொத்தை இருக்காது. ஆனால் பல் ஆடும். பல வருட வெற்றிலை, புகையிலை, கூடவே இனிப்பு நீர் எனும் சர்க்கரை நோய். ஈறு இறங்கி, எலும்பு கரைந்து, நல்ல பல்லே பிடியில்லாமல் நிற்கிறது. "பல்ல மிஷின்லயே அச்சடிச்சிடுறாங்களாமே?" என்று கேட்கிறார்கள். உயிருள்ள செல்களைக் கலந்த மையை ஊசிவழி இழையிழையாக அடுக்கித் திசு உருவாக்கும் முப்பரிமாண அச்சைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இவர்களுக்கு அச்சடிக்க வேண்டியது பல்லை அல்ல, வேருக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் நார்ப்படலத்தை.

அதன் தடிமன் 0.15 முதல் 0.38 மில்லிமீட்டர்தான். அச்சுக்குப் பயன்படும் 25ஜி ஊசியின் உள்விட்டமே சுமார் கால் மில்லிமீட்டர். ஓர் இழை இழுத்தாலே படலம் முழுவதும் அடைபட்டுவிடும். அதற்குள் நார்கள் வேரிலிருந்து எலும்புக்குக் குறுக்கே ஓடவேண்டும். வேரோடு ஒட்டிப் படுத்துக்கொண்டால் மெல்லும் அழுத்தத்தைத் தாங்காது. அதனால்தான் சாரத்தில் (செல்கள் பற்றி வளரும் தாங்குசட்டம்) நுண்ணிய பள்ளங்கள் அமைத்து, செல்களை அந்த வழியே வளரவிடப் பார்க்கிறார்கள்.

மை தயாரிப்பதில்தான் பாதி வேலை. ஒளியில் இறுகும்படி மாற்றிய ஜெலாட்டின் (ஜெல்மா), 1 மில்லிலிட்டருக்கு 70 முதல் 100 மில்லிகிராம். ஒளிதூண்டியான எல்ஏபி 2.5 மில்லிகிராம். வெளிச்சம் படாமல் சூடாக்கிக் கரைத்து, சூடு ஆறுமுன் 0.22 மைக்ரான் வடிகட்டியில் விட்டு, 37 டிகிரிக்கு வந்ததும் சில மில்லியன் செல்களை மெதுவாகக் கலக்கவேண்டும். காற்றுக்குமிழ் புகுந்தால் இழை நடுவில் அறுந்துபோகும். பற்கூழ் ஸ்டெம் செல்லை 2000லும், இந்த நார்ப்படலத்து ஸ்டெம் செல்லை 2004லும் பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார்கள், செல்லுக்குப் பஞ்சமில்லை.

ஊசிமுனையைக் கவனித்தாலே நிலைமை தெரியும். மை சொட்டாக உருண்டு தொங்கினால் சூடு அதிகம். திட்டுத்திட்டாக, சொரசொரப்பாக வந்தால் குளிர்ந்து இறுகிவிட்டது. வழவழப்பான ஒரே இழையாக இறங்கவேண்டும். பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரிக்குள் அது அமையும். இறுகிய மையை அழுத்தத்தைக் கூட்டித் தள்ளுவதுதான் பெரிய தவறு: இழை வரும், உராய்வில் செல்கள் செத்திருக்கும். பிறகு 405 நானோமீட்டர் ஒளி, அரை நிமிடம் போல. கூடினால் ஜெல் கெட்டியாகி செல்கள் பரவ இடமிருக்காது. குறைந்தால் உடல்சூட்டிலேயே கரைந்துவிடும்.

இரத்தக்குழாய் இல்லாத திசுவுக்குள் ஆக்சிஜன் 0.2 மில்லிமீட்டர் வரைதான் போகும். ஈறின் மேல்தோல் சமாளிக்கும், தடித்த எலும்புப் பகுதி நடுவில் அழுகும். எனாமல் பற்றிய பேச்சே வேண்டாம். அதை உருவாக்கும் செல்கள் பல் முளைத்ததும் அழிந்துவிடுகின்றன.

மனித வாயில் வைத்தும் பார்த்திருக்கிறார்கள். 2015ல் வெளியான அறிக்கையில் பாலிகேப்ரோலாக்டோன் என்ற, உடலில் மெதுவாகக் கரையும் பிளாஸ்டிக்கில் செய்த சாரம், செல் இல்லாமல், திசுவை வளரத் தூண்டும் புரதத்தோடு (வளர்ச்சிக் காரணி). ஓராண்டு ஒழுங்காக இருந்தது. பிறகு ஈறைப் பிளந்து வெளியே தெரிய, எடுத்துவிட்டார்கள். சாரம் கரையும் வேகம் போதவில்லை. என் கணிப்பில் அந்த அறிக்கையைத்தான் எல்லாரும் முதலில் படிக்கவேண்டும்: எச்சில் பட்ட சாரத்தில் கிருமி ஏறினால், எவ்வளவு நேர்த்தியாக அச்சடித்தாலும் நிற்காது.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாத வாயில் இது இன்னும் மோசம், புண்ணே ஆறாது. இப்போதைக்குக் கிளினிக்கில் ஈறுப் பைகளின் (பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடுக்கு) ஆழத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதித் தரச்சொல்லுங்கள். 3 வரை சரி. 4, 5 என்றால் ஈறுக்குக் கீழே வேரைச் சுத்தம் செய்யவேண்டும். 6 அல்லது அதற்கு மேல் என்றால் ஈறு நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள்.