சம்பள வாரத்தில் சர்வரைத் தொடாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில், செம்பனைக் குலைக் கணக்கும் சம்பளமும் போடும் சிஸ்டத்துக்கு (சர்வரும் போன் ஆப்பும் சேர்ந்தது) ரிலீஸ், அதாவது புதுப் பதிப்பை வெளியிடும், தேதி குறிக்கிறீர்களா? முதலில் சம்பளத் தேதியைப் பாருங்கள். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். ஆகவே 25ஆம் தேதி முதல் மறுமாதம் 7 வரை சர்வரில் கை வைக்கக்கூடாது. மிச்சமிருப்பதில் வெள்ளிக்கிழமைகளையும் கழித்துவிடுங்கள். சனிக்கிழமை கிராணி (தோட்ட ஆபீஸ் கணக்கர்) கூப்பிட்டால் யார் போனை எடுப்பது?

சட்டம் மாறும் தேதி இன்னொரு வம்பு. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 அன்று 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ஆனது. அன்றைக்குக் கோடில் (நிரலில்) எண்ணை மாற்றி ரிலீஸ் போட்டால், பிப்ரவரி முதல் வாரத்தில் போடும் ஜனவரிச் சம்பளமும் 1,700இல் கணக்காகிவிடும். தொகையை ‘எந்தத் தேதி முதல்’ என்ற விவரத்தோடு டேபிளில் வையுங்கள். ஜனவரி நடுவிலேயே ரிலீஸை முடித்துவிடலாம்.

பதிப்பு எண்ணின் மூன்று பகுதிகள் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: கடைசி எண் பிழைத் திருத்தம், நடு எண் பழையதைக் கெடுக்காத புது வசதி, முதல் எண் ஏறினால் பழைய ஆப் ஒத்துவராது. சறுக்குவது 3.9.4க்கு அடுத்து 3.10.0 வரும்போது. எண்களை எழுத்தாக ஒப்பிட்டால் ‘1’ ‘9’க்கு முன்னால் நிற்கும். புது ஆப் வைத்திருப்பவரைப் பார்த்தே சர்வர் ‘அப்டேட் செய்’ என்று கதவைச் சாத்தும். புள்ளியில் பிரித்து, எண்ணாக ஒப்பிடுங்கள்.

காட்டுக்குள் லைன் கிடைக்காது. குலைகளை எண்ணிப் பதியும் மண்டோரின் (மேற்பார்வையாளரின்) போன் பல நாள் பழைய ஆப்பிலேயே ஓடும். எனவே சர்வர் முதலில், ஆப் பிறகு, பழையதை நீக்குவது கடைசியில். ‘காய்க்குலை (பழுக்காத குலை) எத்தனை’ என்று புதிதாக ஒரு கட்டம் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய ஆப் அதை அனுப்பாது. அங்கே சர்வர் 0 என்று எழுதிக்கொண்டால் ‘எண்ணிப் பார்த்தேன், ஒன்றுமில்லை’ என்று அர்த்தமாகிவிடும். உண்மையில் யாரும் எண்ணவேயில்லை. கட்டம் காலியாகவே இருக்கட்டும். ஆப் சர்வருக்கு அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையிலும் அதன் பதிப்பைப் பதிவு செய்யுங்கள். ஒரு முழுச் சம்பள மாதம் பழைய எண் தலைகாட்டாத பிறகுதான் 4.0.0 பற்றிப் பேச்சு.

புது ஆப்பை ஐந்து விழுக்காடு, இருபது விழுக்காடு போன்களுக்கு என்று படிப்படியாகத் திறந்துவிடுவது லட்சம் போன்களுக்குச் சரி. நாற்பது போனில் ஐந்து விழுக்காடு என்பது இரண்டு. அந்த இரண்டையும் நீங்களே பொறுக்குங்கள்: ஒன்று இருப்பதிலேயே பழைய போன், மற்றது லைனே எட்டாத பிளாக்கில் இருப்பது. காலைப் பெரட்டு (வேலைக்கு ஆள் கூடும்) நேரத்தில் மட்டும் வேண்டாம். நேற்று அனுப்பாத கணக்கெல்லாம் ஆபீஸ் வைஃபையில் ஏறும் நேரம் அது.

கெட்டுப்போனால் சர்வரைப் பழையதுக்குத் திருப்பலாம், போனைத் திருப்ப முடியாது. ஆண்ட்ராய்டு ஒப்பிடுவது நாம் காட்டும் 3.10.0ஐ அல்ல, உள்ளே இருக்கும் முழு எண்ணை. 3.10.0க்கு 31000, 3.9.4க்கு 30904 என்று வைத்திருந்தால், 31000 ஏறிய போனில் அதன்மேல் 30904 ஏறாது. 3.9.4இன் கோடையே எடுத்து, 3.10.1 என்று பெயரிட்டு, 31001ஆக அனுப்ப வேண்டும். 3.10.0 போனில் சேமித்துவைத்த கணக்கைப் பழைய கோடால் படிக்க முடிகிறதா என்பதை அதற்கு முன்பே சோதித்துவிடுங்கள்.