நான்கு குழல், திறந்த வண்டி

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் வண்டிகளில் என்னை அதிகம் வியக்க வைப்பது எஸ்டி.கேஎஃப்இசட் 7/1. முன்னால் ரப்பர் டயர், பின்னால் சங்கிலிப் பட்டை. பீரங்கி இழுக்கச் செய்த வண்டியின் முதுகில், விமானங்களைச் சுட 20 மி.மீ. பீரங்கிக் குழல்கள் நான்கு!

சுடுபவருக்கு இரண்டு மிதிகள். ஒவ்வொன்றும் மூலைக்கு மூலை எதிரே இருக்கும் இரு குழல்களை இயக்கும். ஒரு ஜோடி சுடும்போது மற்றதில் குண்டுப்பெட்டியை மாற்றலாம். மாற்றித்தான் ஆகவேண்டும்; ஒரு பெட்டிக்கு 20 குண்டுகள், விடாமல் சுட்டால் மூன்று விநாடிகூடத் தாங்காது.

சரி, அந்த ஆட்களுக்கு என்ன பாதுகாப்பு? பக்கப் பலகைகளை விரித்துவிட்டு, தாழப் பறந்து வரும் விமானத்தின் எதிரே வெட்டவெளியில் நிற்க வேண்டும். பிற்பாடு ஓட்டுநர் பகுதிக்குக் கவசம் போட்டார்கள். பின்னால் பெட்டி மாற்றியவர்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. 1944-ல் பிரான்சின் நார்மண்டி வானம் முழுக்க நேச நாட்டு விமானங்கள். இவர்கள் அப்போதும் அப்படியேதான் நின்று சுட்டார்கள்.