மாத்திரையில் மறைத்த காய்ச்சல்

வியாழக்கிழமை சாயங்காலமே தொண்டை கரகரக்க ஆரம்பித்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் எழுந்தால் ராத்திரி முழுக்க யாரோ அடித்துப் போட்ட மாதிரி உடம்பெல்லாம் வலி, காய்ச்சல் 38.4. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கால்பந்து மேட்ச். டாக்டருக்குப் போன் பண்ண வேண்டிய நேரம் அது. நான் இரண்டு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்பினேன்.

ஒப்பந்தம் முடிய ஐந்து மாதம்தான் இருந்தது. இரண்டாம் பிரிவில் ஆடும் ஒரு கிளப், நடுக்களத்தில் என் இடத்துக்குப் பின்னால் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் காத்திருந்தான், நன்றாக ஆடுகிறவன், நல்ல பையனும்கூட, அதனாலேயே அவனைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் பயமாக இருக்கும். தொடையில் தசை கிழிந்தால் ஸ்கேன் இருக்கிறது, காட்டலாம், யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். காய்ச்சலுக்குக் காட்ட என்ன இருக்கிறது? “உடம்பு சரியில்லை” என்று சொன்னால் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிற பையன் மாதிரி இருக்கும். குறைந்தபட்சம் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

எங்கள் கிளப்பில் தினமும் காலையில் போனில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். தூக்கம் எப்படி, தசை வலி எப்படி, சோர்வு எப்படி, ஒன்றிலிருந்து ஐந்து வரை, ஐந்து என்றால் பிரமாதம். மேட்சுக்கு முந்தின நாள் அதில் பொய் சொல்லாத ஆட்டக்காரனை நான் இன்னும் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் நான்கு போட்டேன். ஐந்து போட்டால் பிசியோவுக்குச் சந்தேகம் வரும். ஆனால் கையில் கட்டியிருந்த கடிகாரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. சும்மா படுத்திருக்கும்போது 48, 50 என்று இருக்கும் என் இதயத்துடிப்பு அன்றைக்கு 67. அதைப் பார்த்தேன், திரையை அணைத்தேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் புத்தியோடு இருந்தேன். அறைத்தோழன் மூக்கடைப்புக்கு ஒரு சளி மாத்திரை நீட்டினான், வாங்கவில்லை. சாதாரணக் கடையில் கிடைக்கும் பல சளி மாத்திரைகளில் சூடோஎபிட்ரின் இருக்கும். போட்டி நாளன்று சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஊக்கமருந்துக் குற்றம், சளி பிடித்திருந்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இது தெரிந்த எனக்கு, உடம்புவலிக்கு இபுப்ரோபென் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடக்கூடாது என்பது தெரியாமல் போனது. உடம்பில் தண்ணீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை அந்த மாத்திரை இன்னும் குறைத்துவிடும். தடைப்பட்டியலில் இல்லாததெல்லாம் ஆபத்தில்லாதது என்று நினைத்திருந்தேன்.

மேட்ச் அன்று வெயிலைவிடப் புழுக்கம்தான் கொடுமை. மைதான ஓரத்தில் முக்காலியில் ஒரு கருவி வைத்திருப்பார்கள், டபிள்யூபிஜிடி என்று ஒரு அளவைக் காட்டும். அது வெறும் வெப்பநிலை இல்லை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீதம், வெயிலில் காயும் கறுப்பு உருண்டைக்கு 20, நிழல் வெப்பத்துக்கு 10 என்று சேர்த்துக் கணக்கிடுவது. ஈரப்பதத்துக்கு ஏன் அவ்வளவு பங்கு என்றால், வியர்வை வழிவதால் உடம்பு குளிராது, ஆவியானால்தான் குளிரும். காற்றே ஈரமாக இருந்தால் வியர்வை சொட்டி வீணாகிறது. தண்ணீர் இடைவேளைக்கு ஃபிஃபா நீண்டகாலம் வைத்திருந்த எல்லை 32. எங்கள் லீக்கும் அதையே பிடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கருவி காட்டியது 31.4. ஆகவே தண்ணீர் இடைவேளை கிடையாது. அந்த 0.6 டிகிரியை நான் ஆஸ்பத்திரிப் படுக்கையில் படுத்துக்கொண்டு நிறைய யோசித்தேன்.

முதல் பாதி ஓடிவிட்டது. அதுதான் ஏமாற்று. மாத்திரை காய்ச்சலைத்தான் இறக்கும், நோயை இல்லை, அதுவும் நாலைந்து மணி நேரத்துக்குத்தான். நல்ல உடம்போடு ஆடினாலே வெயிலில் உள்வெப்பம் 39ஐத் தொட்டுவிடும். நான் மருந்தின் வீரியம் இறங்க இறங்க, ஒன்றரை டிகிரி கடனோடு ஓடிக்கொண்டிருந்தேன். நாற்பதாவது நிமிஷம் வாக்கில் அந்த வெயிலில் கையில் மயிர்க்கூச்சம், குளிர்கிற மாதிரி இருந்தது. இடைவேளையில் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால் பிசியோ நிற்கிறார். “எப்படி இருக்க?” “சூப்பர்.”

இதற்குப் பிறகு நடந்தது எனக்கு நினைவில் இல்லை, வீடியோவில் பார்த்ததும் மற்றவர்கள் சொன்னதும்தான். ஐம்பத்தைந்தாவது நிமிஷத்தில் யாருமே அழுத்தம் கொடுக்காதபோது எதிரணிக்காரன் காலுக்கு நேராகப் பந்தைக் கொடுத்திருக்கிறேன். அறுபதில், எங்களுக்கே கிடைத்த த்ரோவுக்காக நடுவரிடம் சண்டை போட்டிருக்கிறேன். எங்கள் பின்கள ஆள் ஒருத்தன் “டேய், நமக்குத்தான்டா கொடுத்திருக்கார்” என்று என் தோளைப் பிடித்தபோது நான் அவன் பெயரைக் கேட்டேனாம். நான்கு வருஷமாக ஒன்றாக ஆடுகிறோம். அறுபத்து நான்கில் நேராக நடந்து, கோட்டைத் தாண்டுவதற்கு முன்னால் மடங்கி விழுந்தேன். 2003இல் லியோனில் கேமரூனின் மார்க் விவியன் ஃபோ, பக்கத்தில் யாருமில்லாமல் நடுக்களத்தில் சரிந்து விழுந்ததுதான் அந்த நொடியில் எல்லோருக்கும் ஞாபகம் வந்ததாகப் பிறகு சொன்னார்கள். அவருக்கு இருந்தது இதயத்தசை தடிக்கும் நோய், என் கதை வேறு. ஆனால் பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

எனக்கு வியர்வை ஊற்றிக்கொண்டிருந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். வெப்பவாதம், அதாவது ஹீட் ஸ்ட்ரோக், வந்தால் வியர்வை நின்று தோல் காய்ந்துவிடும் என்றுதான் நானும் கேட்டிருந்தேன். ஓடியாடி வரும் வெப்பவாதத்தில் பெரும்பாலும் அப்படி இல்லை. பார்க்க வேண்டியது இரண்டே இரண்டு: உள்வெப்பம் 40ஐத் தாண்டியிருக்கிறதா, புத்தி தடுமாறுகிறதா. அந்த உள்வெப்பத்தைக் காதிலோ நெற்றியிலோ வைத்துப் பார்த்துப் பிரயோஜனமில்லை, ஆடி முடித்த உடம்பில் அவை குறைத்துத்தான் காட்டும். மிச்சம் இருக்கும் ஒரே நம்பகமான வழி என்ன என்பது உங்களுக்கே புரிந்திருக்கும். நான்கு பேர் சுற்றி நின்று துண்டைப் பிடித்துக்கொள்ள, எங்கள் டாக்டர் அந்த வழியிலேயே பார்த்தார். 41.2.

அங்கே அவர் எடுத்த முடிவால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆம்புலன்ஸ் தயாராக நின்றது, ஏற்றிக்கொண்டு போகலாம் என்று கிளப் ஆட்கள் அவசரப்பட்டார்கள். அவர் விடவில்லை. முதலில் குளிரவைக்க வேண்டும், அப்புறம்தான் ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு, டிரெஸ்ஸிங் ரூமில் இருந்த ஐஸ் தொட்டியில் கழுத்துவரை என்னை இறக்கினார். பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த தொட்டியில் ஐந்து நிமிஷத்துக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி இறங்கும். ஈரத்துணி போடுவது, விசிறுவது எதுவும் அந்த வேகத்துக்குக் கிட்டே வராது. விழுந்து அரை மணி நேரத்துக்குள் இறக்கிவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம், தாமதமானால் மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் வெந்துபோகும். பதினான்கு நிமிஷத்தில் 38.6க்கு வந்ததும் வெளியே எடுத்தார். எனக்குத் தெளிவாக நினைவிருக்கும் முதல் விஷயம், பல் கிட்டிப்போகிற குளிரும், நான் யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்ததும்தான். டாக்டரைத்தான் என்று பிறகு தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அதிலும் ஒரு விதி உண்டு, பலருக்குத் தெரியாது: 12 மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றுவது தடை, முறையான ஆஸ்பத்திரி சிகிச்சையாக இருந்தால் விலக்கு உண்டு. சிறிய கிளப்புகளில் ஹோட்டல் அறையிலேயே டிரிப் ஏற்றி ஆளைத் தயார் பண்ணும் பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன், அது மாட்டினால் ஆட்டக்காரன் தலையில்தான் விடியும்.

ரத்தப் பரிசோதனையில் தசை நொறுங்கியதைக் காட்டும் சிகே எகிறியிருந்தது, ஈரல் அளவுகள் ஏறியிருந்தன. அதெல்லாம் எதிர்பார்த்ததுதான் என்றார்கள். கூடவே ட்ரோபோனின் கொஞ்சம் அதிகம். அது இதயத்தசை சம்பந்தப்பட்டது. கடுமையாக ஓடினாலும் ஏறும், வைரஸ் இதயத்தைத் தாக்கியிருந்தாலும் ஏறும். எது என்று எம்ஆர்ஐ எடுத்தால்தான் தெரியும், அதற்கு ஒன்பது நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. இதயத்தசை அழற்சி என்று வந்தால் மூன்றிலிருந்து ஆறு மாதம் ஓடவே கூடாது. என் ஒப்பந்தத்தில் மிச்சம் ஐந்து மாதம். ஒரு மேட்சை விட மனசில்லாமல் முழு சீசனையும் பணயம் வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த ஒன்பது நாளும் போனும் கையுமாகத்தான் கிடந்தேன். பயர்ன் மியூனிக்கின் அல்போன்சோ டேவிஸுக்கு 2022 ஜனவரியில் கோவிட்டுக்குப் பிறகு நடந்த பரிசோதனையில் லேசான இதயத்தசை அழற்சி தெரியவந்து, ஏப்ரலில்தான் மீண்டும் ஆடினார். அறிகுறி பெரிதாக இல்லாமலே சோதனையில் பிடிபட்டது அது, நான் அறிகுறியை மறைத்துக்கொண்டு ஓடியவன். 1994 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைத் திரும்பப் பார்த்தேன், பிரேசிலும் இத்தாலியும் அமெரிக்காவின் பசடீனாவில் மதியம் பன்னிரண்டரைக்கு ஆரம்பித்து 120 நிமிஷம் கோலே இல்லாமல் நடந்ததே, அது. ஐரோப்பாவில் சாயங்காலம் டிவியில் வர வேண்டும் என்பதற்காக உச்சி வெயிலில் ஆட்டம். சின்ன வயதில் இதை அலுப்பான மேட்ச் என்று நினைத்திருக்கிறேன். 2025 கிளப் உலகக் கோப்பையில் ஜெர்மனியின் டார்ட்மண்ட் அணி மாற்று ஆட்டக்காரர்கள் அமெரிக்காவின் சின்சினாட்டியில் முதல் பாதி முழுவதையும் டிரெஸ்ஸிங் ரூமில் உட்கார்ந்தே பார்த்தார்கள், வெளியே பெஞ்சில் வேகாமல் இருப்பதற்கு. அதே தொடரில் செல்சியின் என்சோ ஃபெர்னாண்டஸ் ஆட்டத்தின் நடுவே தலைசுற்றித் தரையில் படுக்க வேண்டியிருந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார். உலகக் கோப்பை வென்ற ஆள், தலைசுற்றியது என்று மைக் முன்னால் சொல்கிறார். நான் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

எம்ஆர்ஐ சுத்தமாக வந்தது. அன்றைக்கு டாக்டர் அறையில் நான் அழுததை விட்டுவிடலாம்.

திரும்பி வந்தது மெதுவாகத்தான். முதல் வாரம் எதுவுமே கிடையாது, மாடிப்படிகூட நிதானமாக. ரத்த அளவுகள் இயல்புக்கு வந்த பிறகுதான் நடை, அப்புறம் குளிரூட்டிய அறையில் சைக்கிள். மைதானத்தில் எல்லோரும் கத்திக்கொண்டிருப்பது கேட்கும், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு மிதித்துக்கொண்டிருப்பேன். அந்தப் பத்தொன்பது வயதுப் பையன் தினமும் வந்து எட்டிப் பார்த்து, “எப்படிண்ணா இருக்கீங்க” என்று கேட்டுவிட்டுப் போவான். அவன்தான் என் இடத்தில் ஆடிக்கொண்டிருந்தான்.

ஏழாவது வாரம் வெப்பத் தாங்குதிறன் சோதனை. 40 டிகிரி வெப்பம், 40 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில், லேசான ஏற்றம் வைத்த டிரெட்மில்லில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். உள்வெப்பம் 38.5ஐயும் துடிப்பு 150ஐயும் தாண்டாமல் இருக்க வேண்டும், ஏறிக்கொண்டே போகாமல் ஓரிடத்தில் நிலைக்கவும் வேண்டும். கேட்க எளிது, சும்மா நடைதானே என்று போனேன். முதல் அரை மணி நேரத்தில் ஏறிக்கொண்டே போனபோது, நின்றுவிடு, நின்றுவிடு என்று என் உடம்பிடமே கெஞ்சிக்கொண்டிருந்தேன். 38.2இல் நின்றது.

அதன்பிறகு இரண்டு வாரம் வெயிலுக்குப் பழகுவது. முதல் நாள் இருபது நிமிஷம், பிறகு கூட்டிக்கொண்டே போவது. ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் வரும், வியர்வையில் உப்பு குறையும், உடம்பு தானாகவே கற்றுக்கொள்கிறது. விழுங்கும் மாத்திரை வடிவத்தில் ஒரு வெப்பமானி இருக்கிறது, அதைக் காலையில் விழுங்கிவிட்டால் குடலிலிருந்து வெப்பநிலையை அனுப்பிக்கொண்டே இருக்கும், பிசியோ கையில் கருவியோடு என் பின்னாலேயே நடப்பார். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்போம். 76 கிலோ ஆள் நான், ஒன்றரை மணி நேரத்தில் 1.8 கிலோ போய்விடுகிறது. இரண்டு சதவீதம் போனாலே ஓட்டம் சரியும் என்பார்கள். அதற்காகக் குடம் குடமாக வெறும் தண்ணீர் குடித்தாலும் ரத்தத்தில் சோடியம் இறங்கி வேறு ஆபத்து. பத்து வருஷம் தொழிலாக ஆடியவன், எனக்கு எவ்வளவு வியர்க்கும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

பதினோராவது வாரம் கடைசி இருபது நிமிஷத்துக்கு இறக்கினார்கள். பந்தைத் தொட்டது ஆறு தடவை.

ஒப்பந்தம் ஒரு வருஷம் நீண்டது, சம்பளம் குறைத்து. அடுத்த சீசனில் ஒரு வெள்ளிக்கிழமை மறுபடியும் தொண்டை கரகரத்தது. டாக்டர் சொல்லிக்கொடுத்த கணக்கு ஒன்று உண்டு: கழுத்துக்கு மேலே, மூக்கு ஒழுகல் தொண்டைக் கரகரப்பு மட்டும் என்றால் லேசாகப் பயிற்சி செய்து பார்க்கலாம்; காய்ச்சல், உடம்புவலி, நெஞ்சுச்சளி, வயிற்றுப்போக்கு என்று கீழே இறங்கினால் கூடவே கூடாது. உடம்பு வலித்தது. படிவத்தில் இரண்டு போட்டேன். பத்து நிமிஷத்தில் டாக்டர் போன் பண்ணினார், நாளைக்கு நீ இல்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இன்னும் கொஞ்சம் விசாரிப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

போர்வைக்குள் படுத்துக்கொண்டு போனில் மேட்ச் பார்த்தேன். அந்தப் பையன் ஒரு கோல் போட்டான், நல்ல கோல், பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து இடது காலால். எழுந்து உட்கார்ந்து கைதட்டினேன், உடனே எரிச்சலும் வந்தது. அடுத்த வாரமும் அவன்தான் ஆடினான்.