முதல் ரைஃபிள் .22 ஆகவே இருக்கட்டும்

கனடாவின் கால்கரிக்குக் குடியேறும் நம் ஊர்க்காரர்களுக்கு முதல் குளிர்காலங்கள் வேலை, கார், வாடகை என்றே போய்விடும். அப்புறம் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்ததும் ஒருவர் மீன் பிடிக்கக் கிளம்புவார், இன்னொருவர் பனிச்சறுக்கு கற்றுக்கொள்வார். உடன் வேலை செய்பவர் கூப்பிட்டார் என்று ரைஃபிள் ரேஞ்சுக்குப் போய்விட்டு, அதிலேயே ஒட்டிக்கொள்பவர்களும் உண்டு. நான் அந்த வகை. இப்போது புதிதாக உரிமம் எடுக்கும் தம்பிமார்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, எந்த காலிபர் வாங்கலாம்?" என்பதுதான். காலிபர் என்றால் குழலின் உள் விட்டம், அங்குலக் கணக்கில். .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) என்ற சின்னத் தோட்டா சுடும் ரைஃபிளை வாங்குங்கள் என்று சொல்கிறேன். சொன்னதும் பாதிப் பேர் முகம் வாடிவிடுகிறது. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் வளர்ந்த நமக்குத் துப்பாக்கி என்றால் போலீஸ்காரர் தோளில் தொங்கிய திரீ நாட் திரீ, வங்கி வாசல் காவலாளியின் இரட்டைக்குழல், கல்லூரியில் என்.சி.சி. சேர்ந்திருந்தால் முகாமில் படுத்தபடி சுட்ட பாயிண்ட் டூ டூ. அதற்கு மேல் தெரியாது. கால்கரி இருக்கும் ஆல்பர்ட்டா மாகாணத்தில் துப்பாக்கி பண்ணை வீட்டுச் சாமான். தாத்தா வாங்கிய கூயி ரைஃபிளைப் பேத்தி இன்றும் சுடுகிற குடும்பங்கள் இங்கே சாதாரணம். ஒன்டாரியோவின் கோபர்க் ஊரில் செய்யப்பட்ட ஒற்றைத் தோட்டா .22 அது. தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டை மூடினால் மட்டும் போதாது. பின்னாலுள்ள குமிழைத் தனியாக இழுத்து விட்டால்தான் சுடத் தயாராகும். ரேஞ்சில் ஒரு பெரியவர் தன்னுடையதை என் கையில் கொடுத்தபோது அந்தக் குமிழ் தேய்ந்து, வழுவழுப்பாக இருந்தது. இந்த மண்ணில் பெரும்பாலோர் சுடக் கற்றது இப்படிப்பட்ட .22-இல்தான்.

உரிமம் எடுப்பதில் பெரிய சிக்கல் இல்லை, பொறுமைதான் வேண்டும். கனடியத் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்து எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் 80 விழுக்காடு எடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் மனைவி அல்லது கணவருக்குத் தெரிந்தே இது நடக்கிறது என்று கையெழுத்துக்கு இடம் இருக்கும். மூன்று ஆண்டுகளாவது நம்மை அறிந்த இருவரின் பெயரும் கொடுக்க வேண்டும். வந்து கொஞ்ச காலமே ஆனவர்களுக்கு இதுதான் இடிக்கும். முதல்முறை விண்ணப்பிப்போருக்குக் குறைந்தது 28 நாள் கட்டாயக் காத்திருப்பும் உண்டு. என் மனைவி கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டது ஒன்றுதான்: "சாவி யாரிடம் இருக்கும்?" நல்ல கேள்வி. பதிலைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது காலிபர். .22 எல்.ஆர். 1887-இல் வந்த தோட்டா. குண்டின் எடை வழக்கமாக 40 கிரெய்ன், அதாவது இரண்டரை கிராம் சொச்சம். .308 வின்செஸ்டர் 1952-இல் வந்தது. 150 கிரெய்ன் குண்டு, வினாடிக்கு 2,800 அடி வேகம். ஒரே எடையுள்ள இரண்டு ரைஃபிள்களில் தோளுக்குத் திரும்பி வரும் உதையைக் கணக்குப் போட்டால் .308-இன் ஆற்றல் .22-ஐவிட நூறு மடங்குக்கும் மேல் வரும். ஓசையும் அப்படித்தான். காதுக் கவசம் .22-க்கும் கட்டாயம் வேண்டும் என்றாலும், கூரை போட்ட சுடுமேடையில் பக்கத்தில் .308 வெடித்தால் நெஞ்சுக்கூடு அதிரும்.

"கொஞ்சம் உதைத்தால் என்ன அண்ணா, நான் ஜிம்முக்குப் போகிறவன்" என்றான் திருநெல்வேலித் தம்பி ஒருவன். தோள் வலி ஒரு பொருட்டே இல்லை. உதை வரப்போகிறது என்று உடம்பு கற்றுக்கொள்வதுதான் தொல்லை. சென்ற இலையுதிர்காலத்தில் அவனை ரேஞ்சுக்கு அழைத்துப் போனேன். நான் மேலே சொன்ன அதே பெரியவர் தன் .308-ஐ அவனுக்குச் சுடக் கொடுத்தார். சில தோட்டாக்கள் சுட்டதும், அவனைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, மெகசினில் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றைச் சொருகினார். எத்தனையாவது என்று அவனுக்குத் தெரியாது. முதல் தோட்டா வெடித்தது. அடுத்ததற்கு விசையை அழுத்தினான்; 'டிக்' என்று மட்டும் சத்தம். ஆனால் குழல்முனை ஒரு விரற்கடை கீழே குத்தி நின்றது, இடது கண் இறுக மூடியிருந்தது, தோள் முன்னால் தள்ளியிருந்தது.

"அண்ணா, வெடிக்கவே இல்லையே, நான் ஏன் ஆடினேன்?" என்றான்.

ஒவ்வொரு முறையும் இப்படித்தான் ஆடியிருக்கிறான். வெடிச்சத்தமும் உதையும் அதை மூடி மறைத்துவிட்டன. இந்தப் பழக்கம் ஊறிவிட்டால் களைவது பெரும்பாடு. அப்புறம் அவனை என் .22-இல் உட்கார வைத்தோம். மூச்சைப் பாதி விட்டு நிறுத்துவது, விரலின் முதல் கணு மட்டும் விசையில் படுவது, வெடித்த பிறகும் இலக்கிலேயே பார்வையை வைத்திருப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்க இடம் கிடைத்தது. .22-இல் உதை இல்லாததால் தான் என்ன செய்கிறோம் என்பது சுடுபவருக்கே தெரிகிறது. அன்று மாலை 50 யார்டில் அவன் சுட்ட ஐந்தும் ஒரு டூனி (இரண்டு டாலர்) நாணயத்தை வைத்து மூடிவிடலாம் போல ஒட்டி விழுந்திருந்தன. அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

காசு இன்னொரு காரணம். எங்கள் பக்கத்துக் கடைகளில் .22 ஐம்பது தோட்டாப் பெட்டி பத்து டாலருக்குள் கிடைக்கும். .308 இருபது தோட்டாவே நாற்பது டாலரைத் தொடும். சுடுவது கைப்பழக்கம், நிறையச் சுட்டால்தான் வரும். ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டு, வீட்டுக் கடனும் கட்டுகிறவர் ஒவ்வொரு தோட்டாவையும் எண்ணி எண்ணிச் சுட்டால் கை எப்படிப் பழகும்?

.22 சின்னது, சலித்துவிடும் என்பவர்களிடம் காற்று அடிக்கும் நாளில் 100 யார்டில் சுட்டுப் பார்க்கச் சொல்வேன். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று அந்தச் சின்னக் குண்டை நான்கு அங்குலம்கூடத் தள்ளிவிடும். கால்கரியில் சினூக் காற்று கிளம்பும் நாளில் கொடியைப் பார்த்துக் காத்திருந்து சுடுவது தனிக் கலை. இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் கேன்மோர் போய்விடலாம். 1988 குளிர்கால ஒலிம்பிக்கின் பயத்லான் நடந்த இடம். 1978 முதல் அந்த விளையாட்டில் .22 எல்.ஆர். தான். பனியில் சறுக்கி இரைக்க இரைக்க வந்து விழுந்து, 50 மீட்டரில் 45 மில்லிமீட்டர் வட்டத்தைச் சுடுகிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வென்றதும் இதே காலிபரில். சலிப்புக்கு இதில் இடமே இல்லை.

சின்னது என்பதால் பொம்மை என்று நினைத்துவிடவும் கூடாது. ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று பல தோட்டாப் பெட்டிகளிலேயே அச்சடித்திருக்கும். கல்லிலும் தண்ணீரிலும் பட்டால் குண்டு தெறித்துப் போகும். எப்போதும் தோட்டா இருப்பதாகவே நினை, குழல்முனையை உன் கட்டுப்பாட்டில் வை, விரலை விசையில் வைக்காதே, தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார் என்று வகுப்பில் சொன்னது .22-க்கும் அப்படியே பொருந்தும். வீட்டில் அது பூட்டிய பெட்டிக்குள், விசைப்பூட்டும் போட்டு இருக்கிறது. போல்ட் தனி இடத்தில். தோட்டாக்கள் வேறொரு பூட்டுக்குள். சட்டம் இவ்வளவும் கேட்கவில்லை, பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நான் கேட்கிறேன். சாவி என்னிடமும் மனைவியிடமும் மட்டும்.

எந்த ரைஃபிள்? ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்து மூடும் போல்ட் ஆக்ஷன் வாங்குங்கள். 2020 மே 1-இல் கனடிய அரசு சுமார் 1,500 துப்பாக்கி மாடல்களைத் தடைசெய்த பிறகு அந்தத் தடைப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. சாதாரண போல்ட் ஆக்ஷன் .22 இந்தக் குழப்பத்துக்கு வெளியே நிற்கிறது. ஒன்டாரியோவின் லேக்ஃபீல்டில் செய்யும் சாவேஜ் மார்க் 2 விலை குறைவு, நன்றாகவே சுடும். கொஞ்சம் கூடப் போட முடிந்தால் செக் நாட்டு சி.இசட். 457, இல்லையேல் பின்லாந்தின் டிக்கா டி1எக்ஸ். கையில் எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்து எடுங்கள். நம்மில் பலருக்குக் கை நீளம் குறைவு. தோளில் பதியும் கட்டை நீளமாக இருந்தால் கழுத்தை நீட்டியே சுட வேண்டிவரும்.

பின்னால் மான் வேட்டைக்குப் போகும் எண்ணம் இருந்தால் அதற்கு இது உதவாது. .223-உம் உதவாது: ஆல்பர்ட்டாவில் மான் போன்ற பெரிய விலங்குகளுக்கு .23-க்குக் குறைந்த காலிபர் கூடாது. அப்போது .243 வின்செஸ்டரோ 6.5 க்ரீட்மோரோ பார்க்கலாம், இரண்டுமே .308-ஐவிட மென்மையாக உதைப்பவை. அதற்கு முன் ஒரு வருடமாவது .22-இல் கை பழகட்டும்.

ரைஃபிள் வாங்கியதும் ஒரே தோட்டாவை மொத்தமாக அள்ளிவிடாதீர்கள். ஒவ்வொரு .22 குழலுக்கும் ஒரு தோட்டா ஒத்துவரும், ஏன் என்று விற்பவருக்கே சொல்லத் தெரியாது. நாலைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, காற்றில்லாத காலையில் 50 யார்டில், கட்டையை மணல்மூட்டையில் சார்த்தி, வகைக்கு ஐந்து ஐந்தாகச் சுட்டு, தாளில் பெயர் எழுதி வையுங்கள். வகை மாற்றும்போது முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பழைய வகையின் மெழுகு குழலில் இருக்கும். எது நெருங்கி விழுகிறதோ அதில் 500 தோட்டாக் கட்டு ஒன்று வாங்கிக்கொள்ளலாம். ரேஞ்சை விட்டுக் கிளம்பும்போது கையைக் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே டிஃபன் பெட்டியைத் திறங்கள்; விரலில் ஈயம் இருக்கும்.